தொடர்பலை ராடார் (வாகன மோதல் தவிர்ப்பு)

தொடர்பலை ராடார் என்பது, செய்தி அனுப்புவதற்காகப் பரப்பப்படும் கம்பியில்லாக் குறிகைகளையே (சமிக்ஞைகளையே) ராடார் அலைகளாகவும் பயன்படுத்தி, சுற்றியுள்ள பொருட்களின் தொலைவு, வேகம், திசை ஆகியவற்றை அறியும் நுட்பமாகும். ஒரு வாகனம் மற்றொரு வாகனத்துக்குத் தன் இருப்பிடத்தையும் வேகத்தையும் வானொலி அலை வழியே அறிவிக்கும்பொழுது, அவ்வலையின் ஒரு சிறு பகுதி எதிரில் உள்ள பொருட்களின் மீது பட்டுத் திரும்பி வருகின்றது. திரும்பி வரும் இவ்வெதிரலையை அனுப்பிய வாகனமே பெற்று ஆராய்ந்தால், முன்னால் என்ன இருக்கின்றது என்பதை அறியலாம். பேசுவதற்கான கருவி ஒன்றே பார்ப்பதற்கும் பயன்படுகின்றது என இதனைச் சுருக்கமாகக் கூறலாம். ஆய்வுலகில் இத்துறை ஒருங்கிணைந்த உணர்தலும் தொடர்பாடலும் என்னும் பெயராலும் குறிக்கப்படுகின்றது.

தேவை

இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது (64,105 விபத்துகள், 17,884 இறப்புகள்). நாடு முழுவதும் இறந்தோரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் ஆவர். அவர்களுக்கு அடுத்த நிலையில் பாதசாரிகள் இருந்தனர்.

மோதலைத் தவிர்ப்பதற்குக் கம்பியில்லாத் தொடர்பு இரண்டு வகைகளில் உதவக்கூடும்.

முதலாவது, கூட்டுறவு முறை. இதில் ஒவ்வொரு வாகனமும் தான் இருக்கும் இடம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றை நொடிக்கு 10 முறை அளவில் அறிவித்துக்கொண்டே செல்லும். வளைவுக்கு அப்பால் வரும் வாகனத்தையும், பேருந்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் வாகனத்தையும் இம்முறையால் அறிய முடியும். ஆயினும், கருவி பொருத்தப்படாத வாகனம் இம்முறைக்குப் புலப்படாது. மிதிவண்டி, மாட்டு வண்டி, சாலையைக் கடக்கும் மனிதர், கால்நடை ஆகியவை எக்காலத்தும் தம்மைத் தாமே அறிவிக்கப் போவதில்லை.

இரண்டாவது, எதிரலை முறை. இதில் எதிரில் உள்ள பொருள் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை; அலையைத் திருப்பி அனுப்பினால் போதும். தொடர்பலை ராடார் இவ்விரு முறைகளையும் ஒரே குறிகையில் இணைக்கின்றது. கருவி உள்ள வாகனங்களுடன் பேசும் அலையே, கருவி இல்லாதவற்றைக் கண்டறியவும் பயன்படுகின்றது. பலவகை வாகனங்கள் கலந்து செல்லும் இந்தியச் சாலைகளுக்கு இப்பண்பு முதன்மையானது.

இரவில் பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிறுத்தப்பட்ட சரக்குந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மணிக்கு 80 கி.மீ. (நொடிக்கு 22.2 மீட்டர்) வேகத்தில் வரும் ஓட்டுநர் அதனைக் கண்டு தடையை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வாகனம் 33 மீட்டர் கடந்துவிடும். பின்னர், நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைந்தாலும் முற்றிலும் நிற்க மேலும் 41 மீட்டர் தேவை. ஆக மொத்தம் ஏறத்தாழ 74 மீட்டர் ஆகின்றது. தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில் தெளிவாகத் தெரியும் தொலைவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ராடார் அலைக்கு இருளும் பகலும் ஒன்றே என்பதால், 100 மீட்டருக்கு அப்பாலேயே எச்சரிக்கை கிடைக்க வாய்ப்புண்டு.

வரலாறு

ராடாரின் தொடக்கமே மோதல் தவிர்ப்பில்தான் உள்ளது. 1904 ஆம் ஆண்டில் செருமானியப் பொறியாளர் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மையர், மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்பொருட்டு, வானொலி அலையின் எதிரொளிப்பைக் கொண்டு கப்பலைக் கண்டறியும் கருவியைக் கொலோன் நகரில் ரைன் ஆற்றங்கரையில் செய்து காட்டினார். அக்கருவி அன்று வரவேற்பைப் பெறவில்லை.

செய்தி பரப்பும் அலையையே ராடாராகப் பயன்படுத்தியதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டேவென்ட்ரி சோதனையாகும். 1935 பெப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட், ஆர்னால்டு வில்கின்ஸ் ஆகியோர் பிபிசி நிறுவனத்தின் சிற்றலை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வந்த அலைகள் ஒரு வானூர்தியின் மீது பட்டுத் திரும்புவதை ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவு வரை கண்டறிந்தனர். இரண்டாம் உலகப்போர்க் கால ராடார் வளர்ச்சிக்கு இச்சோதனை வழிவகுத்தது. இதன் பின்னர் ராடாரும் தொடர்பாடலும் தனித்தனி அலைவரிசைகளையும் தனித்தனிக் கருவிகளையும் கொண்ட இருவேறு துறைகளாக வளர்ந்தன.

தற்போது இந்நுட்பத்தில் பெரிதும் ஆராயப்படும் 60 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இந்திய வரலாறு ஒன்று உண்டு. 1890களின் நடுப்பகுதியில் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைநீளம் கொண்ட அலைகளை உண்டாக்கி, அவற்றின் எதிரொளிப்பு, ஒளிவிலகல், முனைவாக்கம் ஆகியவற்றை ஆராய்ந்தார். 5 மில்லிமீட்டர் அலைநீளம் என்பது 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு நிகரானது.

இரு துறைகளும் மீண்டும் நெருங்கியது 21 ஆம் நூற்றாண்டில் ஆகும். செருமனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஸ்டுர்ம், வெர்னர் வீஸ்பெக் ஆகியோர், தொடர்பாடலுக்கான குறிகையை ராடாருக்கும் பயன்படுத்தும் கணக்கீட்டு முறையை 2011 இல் விரிவாக வெளியிட்டனர். 2012 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், வை-ஃபை அலைகளைக் கொண்டு சுவருக்கு அப்பால் நடமாடும் மனிதரைக் கண்டறியலாம் எனக் காட்டினர். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் (ஆஸ்டின்) ராபர்ட் ஹீத், பிரீத்தி குமாரி உள்ளிட்டோர், வாகனங்களுக்கான வை-ஃபை வகைக் குறிகைகளை முன்மோதல் எச்சரிக்கை ராடாராகப் பயன்படுத்துவது குறித்து ஆய்வுகளை வெளியிட்டனர்.

இயங்கும் முறை

தொலைவு அறிதல்

வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கி.மீ. வேகத்தில் செல்கின்றது. 150 மீட்டர் தொலைவிலுள்ள சரக்குந்தின் மீது பட்டுத் திரும்பும் அலை மொத்தம் 300 மீட்டர் பயணம் செய்வதால், அனுப்பிய ஒரு மைக்ரோ நொடியில் (நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில்) திரும்பி வந்துவிடும். இக்கால இடைவெளியை அளந்து, அதனை அலையின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும்.

பிரிதிறன்

அடுத்தடுத்து உள்ள இரு பொருட்களை இரண்டாகப் பிரித்து அறியும் ஆற்றல் பிரிதிறன் எனப்படும். இது குறிகையின் பட்டை அகலத்தைப் பொறுத்தது. ஒளியின் வேகத்தைப் பட்டை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் தொலைவுப் பிரிதிறன் கிடைக்கும். அதன்படி:

10 மெகாஹெர்ட்ஸ் (வாகனங்களுக்கான வை-ஃபை வகைத் தொடர்பு) – 15 மீட்டர்
100 மெகாஹெர்ட்ஸ் (ஐந்தாம் தலைமுறைச் செல்பேசி அலைவரிசை ஒன்று) – 1.5 மீட்டர்
1 கிகாஹெர்ட்ஸ் (76–77 கிகாஹெர்ட்ஸ் வாகன ராடார்) – 15 சென்டிமீட்டர்
1.76 கிகாஹெர்ட்ஸ் (60 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை) – 8.5 சென்டிமீட்டர்

பிரிதிறன் 15 மீட்டராக இருப்பின், சரக்குந்தும் அதன் பின்னால் 5 மீட்டர் இடைவெளியில் செல்லும் இருசக்கர வாகனமும் ஒரே பொருளாகவே தோன்றும். எச்சரிக்கை தேவைப்படுவது இருசக்கர வாகனத்துக்கே என்பதால், இக்குறைபாடு சிறியதன்று. எனினும் பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு. முன்னால் ஒரே ஒரு பொருள் இருக்குமாயின், அதன் தொலைவைப் பிரிதிறனைக் காட்டிலும் நுட்பமாகக் கணிக்க இயலும். குறுகிய பட்டை அகலம் கொண்ட குறிகையாலும் மீட்டர் அளவிலான துல்லியத்தை எட்டலாம் என ஆஸ்டின் ஆய்வாளர்களின் அளவீடுகள் காட்டின.

வேகம் அறிதல்

நெருங்கி வரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடியும், விலகிச் செல்லும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே குறைந்தும் இருக்கும். இது டாப்ளர் விளைவு எனப்படும். மணிக்கு 72 கி.மீ. (நொடிக்கு 20 மீட்டர்) சார்பு வேகத்தில் நெருங்கும் பொருள், 60 கிகாஹெர்ட்ஸ் அலையில் 8,000 ஹெர்ட்ஸ் மாற்றத்தையும், 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஏறத்தாழ 787 ஹெர்ட்ஸ் மாற்றத்தையும் உண்டாக்கும்.

இம்மாற்றத்தை நுட்பமாக அளக்கக் குறிகையை நீண்ட நேரம் நோக்க வேண்டும். ஒரு மில்லிநொடி மட்டுமே நோக்கினால், 60 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகப் பிரிதிறன் நொடிக்கு 2.5 மீட்டராக இருக்கும். 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையில் அது நொடிக்கு 25 மீட்டர் ஆகிவிடும். மோதல் எச்சரிக்கைக்கு இது போதாது. எனவே தாழ்ந்த அதிர்வெண்களில், அடுத்தடுத்த செய்திப் பொதிகளுக்கிடையே தொலைவு எவ்வளவு மாறியுள்ளது என்பதிலிருந்தும் வேகம் கணிக்கப்படுகின்றது.

திசை அறிதல்

நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 3.5 மீட்டர். 100 மீட்டர் தொலைவில் இவ்வகலம் 2 பாகை கோணத்தையே அடைக்கும். முன்னால் உள்ள வாகனம் தன் தடத்தில் உள்ளதா அடுத்த தடத்தில் உள்ளதா என்று பிரித்தறிய இவ்வளவு நுட்பம் தேவை. இதற்கு 5.9 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஆண்டெனா வரிசை வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸிலோ 15 சென்டிமீட்டர் அகலம் போதும். அதனை முன்தாங்கிக்குள் எளிதில் பொருத்தலாம். மில்லிமீட்டர் அலைகள் பெரிதும் நாடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிகை வடிவங்கள்

வழக்கமான ராடார், தான் அறிந்த ஒரே வடிவக் குறிகையைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றது. தொடர்புக் குறிகையோ செய்திக்கேற்ப ஒவ்வொரு முறையும் மாறுகின்றது. இருப்பினும் அனுப்பியவரே பெறுபவராகவும் இருப்பதால், என்ன அனுப்பப்பட்டது என்பது அவருக்கு முழுமையாகத் தெரியும். இந்நுட்பம் முழுவதும் இவ்வுண்மையின் மீதே அமைந்துள்ளது.

செங்குத்து அதிர்வெண் பகுப்புப் பண்பேற்றத்தில் (ஓ.எஃப்.டி.எம்.) செய்தியானது நூற்றுக்கணக்கான துணைச்சுமப்பி அலைகளில் பகிர்ந்து ஏற்றப்படுகின்றது. நான்காம், ஐந்தாம் தலைமுறைச் செல்பேசிகளும் பெரும்பாலான வை-ஃபை கருவிகளும் இதனையே பயன்படுத்துகின்றன. திரும்பி வந்த ஒவ்வொரு துணைச்சுமப்பியின் மதிப்பையும், அனுப்பிய மதிப்பால் வகுத்தால் செய்தி நீங்கிவிடும். வழியில் ஏற்பட்ட மாற்றம் மட்டும் எஞ்சும். அம்மாற்றத்தின் மீது ஃபூரியே உருமாற்றம் செய்தால் தொலைவும் வேகமும் வெளிப்படும். ஸ்டுர்ம், வீஸ்பெக் முறையின் சாரம் இதுவே.

2012 இல் வெளியான 802.11ஏடி எனும் 60 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை தரத்தில் வேறொரு வாய்ப்பு உள்ளது. இதன் ஒவ்வொரு செய்திப் பொதியின் தொடக்கத்திலும், ஏற்பி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளக் கோலே நிரப்புத் தொடர்கள் எனப்படும் கூட்டல், கழித்தல் குறிகளின் வரிசைகள் அனுப்பப்படுகின்றன. இவற்றின் சிறப்பை இரண்டு உறுப்புகள் மட்டும் கொண்ட இணையால் விளக்கலாம். (+1, +1) என்னும் தொடரைத் தன்னோடு தானே நகர்த்தி ஒப்பிட்டால் 1, 2, 1 எனக் கிடைக்கும். (+1, −1) என்னும் தொடருக்கு −1, 2, −1 எனக் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 0, 4, 0 ஆகின்றது. அதாவது, உண்மையான எதிரலை இருக்கும் இடத்தில் மட்டும் உச்சம் தோன்றும். பக்கங்களில் பொய் உச்சங்கள் தோன்றா. சரக்குந்தின் வலிய எதிரலைக்கு அருகில் பாதசாரியின் மெலிந்த எதிரலை மறைந்துவிடாமல் இருக்க இப்பண்பு உதவும்.

ஆயின் பொருள் நகரும்பொழுது, முதல் தொடருக்கும் இரண்டாம் தொடருக்கும் இடையே டாப்ளர் விளைவால் மாற்றம் ஏற்பட்டு, பொய் உச்சங்கள் முழுமையாக நீங்காமல் போகக்கூடும்.

கணியூர் சுங்கச்சாவடி: எதிரலையில் செய்தி

அலையின் எதிரொளிப்பும் செய்தித் தொடர்பும் ஒரே குறிகையில் இணைவதற்கு நெடுஞ்சாலைகளில் நாள்தோறும் காணக்கூடிய எடுத்துக்காட்டு சுங்கச்சாவடியாகும். சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 இல் (முன்னர் 47) அவிநாசிக்கும் கோயம்புத்தூருக்கும் இடையில் கணியூர் சுங்கச்சாவடி அமைந்துள்ளது. இந்தக் கணியூர் கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தைச் சேர்ந்தது; திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள கணியூர் பேரூராட்சி வேறு. திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியிலிருந்து கொச்சிக்குச் செல்லும் சரக்குந்துகளுக்கு இந்நெடுஞ்சாலை முதன்மையான வழியாகும்.

2021 பெப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் இவ்வில்லையில் மின்கலம் இல்லை. சாவடியிலுள்ள படிப்பான் 865–867 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையைச் செலுத்துகின்றது. வில்லையிலுள்ள சில்லு அவ்வலையிலிருந்தே மின்னாற்றலைப் பெற்று, தன் ஆண்டெனாவின் எதிரொளிக்கும் தன்மையை மாற்றி மாற்றித் தன் எண்ணை எதிரலையில் பொறிக்கின்றது. படிப்பான் அந்த எதிரலையைப் படிக்கின்றது.

ஃபாஸ்டேக் ஒரு ராடார் அன்று. அது வாகனத்தின் தொலைவையோ வேகத்தையோ அளப்பதில்லை. எனினும், தான் செலுத்தும் அலையின் வலிமையையும் மீறித் திரும்பி வரும் மெலிந்த எதிரலையைப் பிரித்தறிவது என்னும் சிக்கல் இரண்டுக்கும் பொதுவானது. சுங்கச்சாவடியில் சில மீட்டர் தொலைவுக்கு இதனைச் செய்தால் போதும். மோதல் தவிர்ப்புக்கு நூறு மீட்டர் தொலைவுக்கும், வில்லை ஒட்டப்படாத பொருளுக்கும் செய்ய வேண்டியுள்ளது.

தொடர்வண்டித் துறையுடன் ஒப்பீடு

இந்திய இரயில்வேயின் கவச் அமைப்பு, கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு மோதலைத் தவிர்க்கும் இந்திய அமைப்புகளுள் குறிப்பிடத்தக்கது. இது 2020 சூலையில் தேசியத் தானியங்கித் தொடர்வண்டிப் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே பொருத்தப்பட்ட வானலை அடையாள வில்லைகளிலிருந்து எஞ்சின் தன் இருப்பிடத்தை அறிந்து, நிலையங்களுடன் வானொலி வழியே தொடர்புகொள்கின்றது. 2022 மார்ச் 4 அன்று தென்மத்திய இரயில்வேயில் நடந்த சோதனையில், எதிரெதிரே ஒரே பாதையில் வந்த இரு எஞ்சின்களுள் ஒன்று, மற்றதற்கு 380 மீட்டர் முன்னதாகத் தானே நின்றது.

கவச் ராடார் அன்று. அது தூய கூட்டுறவு முறை. தண்டவாளத்தில் ஓடும் ஒவ்வோர் எஞ்சினும் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அனைத்திலும் கருவி பொருத்துதல் இயலும். சாலையில் அது இயலாது என்பதே எதிரலை முறைக்கான தேவையை உண்டாக்குகின்றது.

சிக்கல்கள்

தற்கசிவு: பெரும்பாலான வை-ஃபை கருவிகள் ஒரு நேரத்தில் அனுப்பவோ பெறவோ மட்டுமே வல்லவை. எதிரலை ஒரு மைக்ரோ நொடிக்குள் திரும்பிவிடும். செய்திப் பொதியோ அதைவிட நீண்டது. ஆகவே அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பெறவும் வேண்டும். அவ்வேளையில் பரப்பியின் ஆற்றல் தன் ஏற்பிக்குள்ளேயே கசிந்து, எதிரலையை மூழ்கடித்துவிடும். தனித்தனி ஆண்டெனாக்கள், கசிவை நீக்கும் மின்சுற்றுகள் ஆகியவற்றால் இது குறைக்கப்படுகின்றது.

தொலைவால் வலிமை குறைதல்: நேரடித் தொடர்பில் தொலைவு இருமடங்கானால் பெறும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். எதிரலையிலோ அது 16 இல் ஒரு பங்காகும். இதனால் 300 மீட்டர் வரை பேசவல்ல கருவி, அத்தொலைவு வரை பார்க்கவல்லது என்று கொள்ள இயலாது.

காற்றின் உறிஞ்சல்: 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிசன் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் அளவில் உறிஞ்சுகின்றது. 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்குப் போய்வர 3 டெசிபல், அதாவது பாதி ஆற்றல் இதனால் இழக்கப்படும். கடும் மழை மேலும் இழப்பை உண்டாக்கும்.

பொருளின் தன்மை: உலோகப் பெட்டகம் ஏற்றிய சரக்குந்து மிக வலிய எதிரலையைத் தரும், மனித உடலின் எதிரலை அதனினும் பன்மடங்கு மெலிந்தது. உலர்ந்த துணி மில்லிமீட்டர் அலைகளைப் பெருமளவு ஊடுருவ விடும் (வானூர்தி நிலையச் சோதனைக் கருவிகள் இப்பண்பையே பயன்படுத்துகின்றன). ஆகவே துணிப் பொதிகளைச் சுமந்து செல்லும் இருசக்கர வாகனத்தில் எதிரலையைத் தருவது பெரும்பாலும் பொதியன்று. அதன் பின்னுள்ள உலோகமும் மனிதருமே ஆகும்.

நிற்கும் பொருட்கள்: வழிகாட்டிப் பலகை, பாலம், தடுப்புச் சுவர் ஆகியவையும் எதிரலையைத் தருகின்றன. பொய் எச்சரிக்கையைத் தவிர்க்க, நிற்கும் பொருட்களின் எதிரலைகளைப் புறக்கணிக்குமாறு ராடார்கள் அமைக்கப்படுவதுண்டு. அவ்வாறு அமைத்தால் சாலையில் நிற்கும் சரக்குந்தும் புறக்கணிக்கப்படலாம். நுண்ணிய திசைப் பிரிதிறனே இதற்குத் தீர்வாகும்.

எச்சரிக்கைக் காலம்: 2020 பெப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது, எதிர்த்திசையில் சென்ற பெட்டகச் சரக்குந்து சாலையின் நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியதில் 19 பேர் உயிரிழந்தனர். இத்தகைய எதிரெதிர் மோதல்களில் இரு வாகனங்களின் வேகமும் கூடுகின்றது. இரண்டும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருவதாகக் கொண்டால், 100 மீட்டர் இடைவெளி 2.25 நொடிகளில் முடிந்துவிடும். மேலும், எதிர்ப்பக்க வாகனம் தன் பாதையில் செல்லும் வரை அதனை இடராகக் கருத இயலாது. நடுத்திட்டைத் தாண்டிய பின்னரே எச்சரிக்கை எழ முடியும். ஆகவே தொடர்பலை ராடார் பின்புற மோதல்களுக்குத் தரக்கூடிய பயனை இவ்வகை மோதல்களுக்குத் தர இயலாது. வலிய நடுத்தடுப்பு, ஓட்டுநருக்குப் போதிய உறக்கம் முதலியவற்றுக்கு இது மாற்றாகாது.

இந்திய ஆய்வுகளும் தரப்படுத்தலும்

தில்லி இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.ஐ.டி. தில்லி) ஷோபா சுந்தர் ராம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 802.11ஏடி குறிகையின் டாப்ளர்க் குறைபாட்டை நீக்கும் முறையை 2020 இல் வெளியிட்டனர். அடுத்தடுத்த பொதிகளில் கோலே தொடர்களை புரூகே–தூவே–மோர்ஸ் எனும் கணிதத் தொடரின் ஒழுங்கில் மாற்றி மாற்றி அனுப்புவதன்மூலம், நகரும் பொருட்களிலும் பொய் உச்சங்களைக் குறைக்கலாம் என அவர்கள் காட்டினர். 40 மீட்டருக்குட்பட்ட மிகக் குறுகிய தொலைவில் வாகனம், மிதிவண்டி, பாதசாரி ஆகியவற்றைக் கண்டறிவதை இவ்வாய்வு நோக்கமாகக் கொண்டது.

2023 நவம்பரில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட ஆறாம் தலைமுறைச் செல்பேசிக்கான வரைசட்டகம், ஒருங்கிணைந்த உணர்தலும் தொடர்பாடலும் என்பதனை அதன் ஆறு பயன்பாட்டு வகைகளுள் ஒன்றாக ஏற்றது. வை-ஃபை அலைகளைக் கொண்டு சூழலை உணர்வதற்கான 802.11பிஎஃப் எனும் தரத் திருத்தம் 2025 இல் ஏற்கப்பட்டது. இவை வாகனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எனினும், செய்தி அனுப்பும் கருவியே சூழலையும் உணரலாம் என்னும் கருத்து ஆய்வுக்கூடத்திலிருந்து பொதுத் தரத்துக்கு வந்துள்ளதை இவை காட்டுகின்றன.